சீனக் குடிநீரும் புஷ்பராணியின் கறுவமும்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் புஷ்பராணியைப் பற்றி யாரிடம் கேட்டாலும், சீனக் கடையில் வேலை செய்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அதற்கு மேல் சொன்னால் தங்கள் வண்டவாளமும் வெளியில் வந்துவிடும் என்ற பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. நான் பிலோமினம்மா. அவள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. அவள் சைவக்காரி, நான் வேதக்காரி. அவள் வீட்டில் சட்டி விழுந்தால் எனக்குத்தான் முதலில் கேட்கும்.

சங்கானைப் பிள்ளை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புருஷன் சிவநேசத்தோடு மொன்றியலுக்கு வந்தவள். முதலில் என்னோடு ஷபனேல் தெருவில் தையல் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே மேற்பார்வைக்காரன் ஒருநாள் எங்களை மாடுகள் என்று பிரெஞ்சில் சொன்னான். எங்களுக்கு விளங்காது என்று நினைத்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. உடனே ஒன்றும் செய்யவில்லை. பொறுத்திருந்தாள். பெரிய முதலாளி வந்த அன்று, அவர் காது கேட்க, அந்தச் சொல்லைச் சொன்னவனையே அந்தச் சொல்லால் கூப்பிட்டு, நூல் முடிந்துவிட்டது என்று சொன்னாள். வேலை போயிற்று. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிப்பட்டவள். கோபம் வந்தால் கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், கறுவத்தை மனதுக்குள் பூட்டி வைத்திருக்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகுதான் சீனர் கடைத்தெருவான சைனாரவுனில் லியுங் என்பவருடைய மருந்துக் கடைக்குப் போனாள். சுக்கு வாங்கப் போனவளை, மூட்டை தூக்க ஆள் தேவை என்று லியுங்கின் மனைவி பிடித்துக்கொண்டார். வேலைக்குப் போன முதல் வாரமே என்னிடம் வந்து, "அக்கா, அங்கயும் சுக்கு, அதிமதுரம், கறுவாப்பட்டை. எங்கட மருந்துக் கடைதான், பேர்தான் வேறை" என்று சொன்னாள். நாளடைவில் சின்னச் சின்ன இழுப்பறை லாச்சிகளில் இருந்து வேரும் பூவும் எடுத்து நிறுத்துக் கடதாசியில் மடித்துக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். லியுங்கும் அவளும் உடைந்த பிரெஞ்சில் நாள் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். இரண்டு பேருக்கும் அது நல்லாகப் பிடிக்கும்.

இனி 2003ஆம் ஆண்டுக்கு வருகிறேன். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும்.

ரொறன்ரோவில் சார்ஸ் என்ற கிருமி வந்து ஆட்கள் சாகிறார்கள் என்று செய்தி வந்த வசந்த காலம் அது. மொன்றியலில் சைனாரவுன் பக்கம் ஒரு சனமும் போகவில்லை. அந்த நேரத்தில்தான் புஷ்பராணியின் ஒரே மகள் நிருஷா பெரியபிள்ளை ஆனாள். பதின்மூன்று வயது. ஒரு கோயில் நிலவறை மண்டபத்தை எடுத்துச் சாமத்தியவீட்டுச் சடங்குக்கு நாளும் குறித்தார்கள். அதே நாளில், சிவநேசத்தின் தமக்கை ஜெகதீஸ்வரி லவாலில் வாங்கின புது வீட்டுக்குக் குடிபூரல் வைத்திருந்தாள். தம்பி வீட்டு நாளை மாற்றச் சொன்னாள். மண்டபம் வேறு நாளுக்குக் கிடைக்காது என்று புஷ்பராணி சொல்லிவிட்டாள். சரி, அவரவர் பாடு என்று ஜெகதீஸ்வரியும் சொன்னாள்.

சொன்னவள் சும்மா இருந்தாளா? அந்த வாரம் லியுங்குக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் வெட்டியிருந்தார்கள். சிவநேசம் வெள்ளை மனத்தோடு தமக்கையிடம், கடை முதலாளி ஆஸ்பத்திரியில் என்று சொல்லியிருக்கிறார். பித்தப்பைக் கல் என்பதையும் சொல்லியிருக்கிறார். ஜெகதீஸ்வரி ரெலிபோனை எடுத்து வீடு வீடாக அடித்தாள். எனக்கும் அடித்தாள். அந்தச் சீனனுக்கு அந்தச் சார்ஸ் வருத்தம் வந்திட்டுதாம், புஷ்பராணியும் இருமிக்கொண்டுதான் திரியிறாவாம், பிள்ளை குட்டி உள்ள ஆட்கள் யோசித்துப் போங்கோ, நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்றாள். பேசி முடிக்கவிடாமல் நான் போனை வைத்துவிட்டு மேலே ஓடிப்போய்ப் புஷ்பராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கட சனம் உந்தக் கதையை நம்புமோ அக்கா என்று அவள் சிரித்தாள்.

எங்கட சனம் நம்பியது. மாதாவே, அப்படி நம்பியது. மண்டபம் நிறையக் கதிரைகள், மேடையில் சோடித்த பிள்ளை, வந்தவர்களை ஒரே மேசையில் இருத்திவிடலாம். நானும் என் வீட்டுக்காரரும், முதலாம் மாடி மரியதாசன் குடும்பம், சிவநேசத்தோடு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற ஒருவர், பிறகு லியுங்கின் மனைவி. அந்த மனுசி நல்ல பட்டு உடுப்புப் போட்டுக்கொண்டு தனியாக மெத்ரோவில் வந்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் லவாலில் குடிபூரலில் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரன் கதிரைகளை ஒருமுறை படம் பிடித்துவிட்டு, கமராவைக் கீழே வைத்துவிட்டான். சமைத்த சாப்பாடு கறுத்த குப்பைப் பைகளில் போனது. பைகளைப் புஷ்பராணிதான் கட்டினாள். நான் கட்ட வர, வேண்டாம் என்றாள்.

அதையும் அவள் தாங்கியிருப்பாள். தாங்க முடியாதது வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. பிள்ளை சேலையை உரிந்து எறிந்துவிட்டு, உங்கட கடையாலதான் ஒருத்தரும் வரேல்லை, உங்களில அந்தக் கடை மணக்குது, கிட்ட வராதேங்கோ என்று கத்தியது. எனக்குக் கீழே கேட்டது. மாமி ஜெகதீஸ்வரி பரப்பின கதையைத் தாய் சொன்னபோது பிள்ளை நம்பவில்லை. மாமியிடம் போய்க் கேட்டிருக்கிறது. அவள் முருகன் படத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினாளாம், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன்ர அம்மா தன் பிழையை மறைக்க என்னில் போடுகிறா என்று. எனக்கும் போன் வந்தது என்று நான் சொன்னதற்கு, நீங்கள் அம்மாவின் ஆள்தானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றிலிருந்து நிருஷா தாயோடு தமிழில் கதைப்பதை நிறுத்திவிட்டாள். ஏதும் தேவையென்றால் பிரெஞ்சில் இரண்டு சொல். தமிழ்க் கொண்டாட்டம் ஒன்றுக்கும் போகமாட்டாள். தாய் கடையால் வந்தால் அறைக் கதவு சாத்தப்படும்.

புஷ்பராணி என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, ஒரே ஒரு முறை வாய் திறந்தாள்.

"அக்கா, மச்சாள் தன்ர வாயால, என்ர பிள்ளைக்கு முன்னால, தான்தான் பொய் சொன்னது எண்டு சொல்லோணும். எத்தினை வருசம் போனாலும் சரி. அதுவரைக்கும் நான் விடமாட்டன்."

நான் ஓம் என்றேன். மன்னிக்கச் சொல்லி எங்கள் சுவாமியார் பிரசங்கம் வைப்பார். நான் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனமும் வரவில்லை.

ஆறு வருடம் மச்சாளும் அவளும் கதை பேச்சில்லை. தமிழ்க் கடையில் எதிரே கண்டால் ஜெகதீஸ்வரி மரக்கறியைப் பார்ப்பாள். புஷ்பராணி நேராக அவளைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

2009 இலையுதிர் காலத்தில் பன்றிக் காய்ச்சல் வந்தது. தடுப்பூசிக்குச் சனம் குளிரில் வரிசையில் நின்றது. ஊசியும் போடவேண்டும், ஊசிக்குப் பயமும் படவேண்டும், அதுதான் எங்கள் ஆட்கள். யாரோ ஒருவர் சீனக் கடையில் உடம்புக்குப் பலம் தருகிற மருந்துப் பொட்டலம் இருக்கிறது, அதைக் குடித்தால் கிருமி கிட்ட வராது என்று கதையைக் கட்டிவிட்டார். அவ்வளவுதான், ஆறு வருடத்துக்கு முன் சைனாரவுன் பக்கம் மூச்சு விடப் பயந்த அதே சனம் புஷ்பராணியின் கடை வாசலில் நின்றது. வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

அந்தப் பொட்டலத்தில் ஏதோ மஞ்சள் பூ, ஒரு வேர், அதிமதுரம், பிறகு எங்கள் நிலவேம்பும் இருந்தது. கிருமியைக் கொல்லுமா என்று நான் லியுங்கிடம் கேட்டேன். உடம்புக்கு உதவி, கிருமிக்கு ஊசி என்றார். மனுசன் தானே மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுவிட்டு வந்தவர். வாங்குகிறவர்களுக்கும் அதைத்தான் சொன்னார். ஊசியை விட்டுவிட்டு இதை நம்பவேண்டாம், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பிறஷர்க்காரருக்கும் கொடுக்கவேண்டாம் என்றும் சொன்னார். கேட்கிற காது யாருக்கு இருந்தது?

அதைக் காய்ச்சுகிற விதத்தில்தான் எங்கள் சனம் கோட்டை விட்டது. ஊறவைத்து, கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு வடித்தால் போதும் என்று லியுங் சொல்லிக் கொடுப்பார். புஷ்பராணியும் தமிழில் திருப்பிச் சொல்லுவாள். எங்கள் பெண்கள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய், கொத்தமல்லிக் குடிநீர் வைக்கிற கணக்கில், எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சினார்கள். எட்டொன்றாகக் காய்ச்சாவிட்டால் அது மருந்தா? மை போலக் கறுத்து வரும். குடித்தவன் நாக்கு செத்துப்போகும். சோறு கசக்கும், சீனி கசக்கும், பல்லுத் தீட்டினாலும் கசக்கும். சீனன் நஞ்சு விற்கிறான் என்று சண்டைக்கு வந்தார்கள். உது எட்டொண்டாக் காய்ச்சிறேல்லை என்று சொல்லிச் சொல்லிப் புஷ்பராணியின் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் கேட்டுக்கொண்டும் இருந்தாள். நாக்கு எவ்வளவு நேரம் செத்துக் கிடந்தது, என்ன சாப்பிட்டுப் பார்த்தீர்கள் என்றெல்லாம் விசாரித்தாள். அப்போது எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை.

அந்த நொவம்பரில் ஜெகதீஸ்வரியின் மகன் வினோஜனுக்குக் கல்யாணம். சென் லோறனில் பெரிய மண்டபம். கிருமிக்குப் பயந்து ஒவ்வொருவராக வரமாட்டோம் என்று போனில் சொல்லத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு வயது போட்டுது, பிள்ளைக்கு இருமல், வேலையில் லீவு இல்லை. பொம்பிளை வீட்டுக்காரர் ரொறன்ரோவில் பெரிய கை. அவர்கள் முன்னால் மண்டபம் வெறிச்சென்று கிடந்தால் ஜெகதீஸ்வரியின் மூக்கு உடையும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தட்டத்தில் குங்குமமும் கல்யாண அழைப்புக் காட்டும் வைத்துக்கொண்டு, ஆறு வருடத்துக்குப் பிறகு, மூன்றாம் மாடிக்கு ஏறினாள். நான் படியில் நின்று பார்த்தேன். மூச்சு வாங்க ஏறினாள். எனக்கு நல்ல சந்தோசம்.

புஷ்பராணி வந்து மண்டபத்தில் நின்று, வருகிறவர்களுக்குச் சீனக் குடிநீர் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுப்பதாக அறிவித்தால் சனம் பயமில்லாமல் வரும். அதுதான் கேட்டது. பழசை மறப்போம் என்றும் சொன்னாளாம். என்னத்தை மறப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

புஷ்பராணி உடனே ஓம் என்றாள். கேட்டது இரண்டு. குடிநீர் மண்டப வாசலில் வேண்டாம், தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்குப் போகிற வாசலில்தான் கொடுப்பேன் என்றாள். பிறகு, நான் சொல்லுகிற ஒரு மேசைக்காரருக்கும் காட்டுக் கொடுக்கவேண்டும் என்றாள். என் பெயர், மரியதாசன் குடும்பம், கோப்பை கழுவுகிறவர், லியுங் குடும்பம். ஜெகதீஸ்வரிக்கு அப்போது எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

நிருஷாவும் வந்தாள். அது தாய்க்காக இல்லை. வினோஜன் நல்ல பெடியன், சின்ன வயதில் இருந்து இவளோடு ஒட்டு. சீஜெப் கல்லூரியில் ஒலி வேலை படிக்கிறவள் என்று தன் கல்யாணத்துக்கு மைக்கும் பாட்டும் அவளையே பார்க்கச் சொல்லியிருந்தான். மேடைக்குப் பக்கத்தில் பெட்டிகளுக்கு நடுவில், தாயின் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

சீனக் குடிநீர் என்ற சொல் நன்றாக வேலை செய்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. தாலி ஏறியதும் ஜெகதீஸ்வரி மைக்கைப் பிடித்து, என்ர தம்பி பெண்சாதி எல்லாருக்கும் குடிநீர் தருவா, குடித்துவிட்டுச் சாப்பிடுங்கோ, ஒரு கிருமியும் அண்டாது என்று பெருமையாக அறிவித்தாள். சாப்பாட்டு வாசலில் புஷ்பராணி பெரிய அண்டாவோடு நின்றாள். நான் கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். மை. எட்டொன்றும் இல்லை, அது பதினாறொன்றாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

முதல் கோப்பையைச் சம்பந்தி முன்னிலையில் ஜெகதீஸ்வரியே வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். முகம் கோணிற்று. ஆனால் எல்லோரும் பார்க்கிறார்களே, நல்லது நல்லது என்று தலையை ஆட்டினாள். பிறகு வரிசை வந்தது. குடிபூரலுக்குப் போன ஒவ்வொரு முகத்துக்கும் புஷ்பராணி நிரப்பி வார்த்தாள். கசந்தால்தான் வேலை செய்யும், முழுக்கக் குடியுங்கோ என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, பிள்ளைகள், பிறஷர்க்காரர், ரொறன்ரோவால் வந்த பொம்பிளை வீட்டார், மாப்பிள்ளை பொம்பிளை, இவர்களைக் குடிநீர் கொடுக்காமல் மெல்ல உள்ளே அனுப்பினாள். என் முறை வந்தது. உங்களுக்குத் தேவையில்லை அக்கா, போய் வடிவாச் சாப்பிடுங்கோ என்றாள். மரியதாசனுக்கும் அதே. லியுங் அண்டாவுக்கு மேல் மூக்கை நீட்டி மணந்தார். அவளைப் பார்த்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

சாப்பாடு என்றால் அதுதான் சாப்பாடு. கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, பாயசம். முதல் வாயிலேயே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கறி கசக்குதோ என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். பப்படம் கசந்தது. பாயசத்தை நக்கிப் பார்த்த ஒருவர் கடதாசியில் துப்பினார். தட்டுகள் அப்படியே தள்ளி வைக்கப்பட்டன. ஜெகதீஸ்வரி ஓடிப்போய்ச் சமையல்காரரைப் பிடித்துத் திட்டினாள். அவர் கரண்டியில் எடுத்து ருசி பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லையே, உங்கட வாயிலதான் பிழை என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அவள் எங்கள் மேசையைக் கண்டாள். நாங்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். மரியதாசன் மூன்றாம் வடையில் நின்றார். லியுங்கின் மனைவி பாயசக் கோப்பையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்று சாமத்தியவீட்டுக்கு யார் யார் போனார்கள் என்று விசாரித்து வைத்தவள் அல்லவா, மறப்பாளா? நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். வேண்டுமென்றுதான் சிரித்தேன்.

அவள் நேரே வாசலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், இதைத் தவறவிட நான் என்ன விசரியா?

"என்ர பிள்ளையின்ர கலியாணத்தில நீ எனக்கு இப்பிடிச் செய்யலாமோ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு மண்டபம் நிறைஞ்சிருக்கு, மச்சாள். என்ர பிள்ளைக்கு அதுவும் இல்லை."

புஷ்பராணி கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். நீங்கள் நிருஷாவிடம் போய், நான்தான் போன் எடுத்தனான், பொய் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ என்றாள். சனத்துக்குச் சொல்லவேண்டாம், பிள்ளைக்கு மட்டும் சொன்னால் போதும். மாட்டீர்கள் என்றால், இந்தச் சாப்பாடு ஏன் கசக்கிறது, எதற்காகக் கசக்கிறது என்று சம்பந்தி மேசையில் போய் நானே சொல்கிறேன் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

ஜெகதீஸ்வரி சம்பந்தி மேசையைப் பார்த்தாள். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, மற்றவர்கள் ஏன் சாப்பிடவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால்.

நிருஷா காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். ஜெகதீஸ்வரி குனிந்து, கிட்டத்தட்ட அவளின் காதுக்குள், சொன்னாள். அன்றைக்கு நான்தான் எல்லாருக்கும் போன் எடுத்தனான் பிள்ளை, உன்ர அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டு எனக்குத் தெரியும், அந்தச் சீனனுக்குப் பித்தப்பைதான் எண்டும் தெரியும், சத்தியம் பண்ணினதும் பொய். சொல்லிவிட்டு நிமிர்ந்து புஷ்பராணியைப் பார்த்தாள், முடிந்ததா என்பதுபோல.

பிள்ளை தாயைப் பார்த்தது.

பிறகு நிருஷா மைக்கை எடுத்து மாமியின் கையில் வைத்தாள். ஆறு வருடமாக அந்தப் பிள்ளையின் வாயில் நான் கேட்காத தமிழ் வந்தது.

"எனக்கு வடிவாக் கேக்கேல்லை, மாமி. இதில சொல்லுங்கோ."

ஜெகதீஸ்வரி திகைத்துப்போய்ப் புஷ்பராணியின் பக்கம் திரும்பினாள். பிள்ளைக்கு மட்டும் எண்டுதானே சொன்னனி என்றாள்.

"ஓம் மச்சாள், நான் அப்பிடித்தான் கேட்டனான்," என்றாள் புஷ்பராணி. "பிள்ளை கூடக் கேக்கிறாள். நான் என்ன செய்ய?"

மண்டபம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. குடிபூரலில் பால் குடித்த வாய்கள் எல்லாம் கசப்போடு காத்திருந்தன. ஜெகதீஸ்வரி மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், சத்தம் வெளியில் போகாத மாதிரி மிக மெல்லத் தொடங்கினாள். நிருஷா கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.